தண்ணீர் வடிந்த பிறகு தொட்டியில் என்ன மிஞ்சுகிறது?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டாகிறது. அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் ஒன்பது தொட்டிகள் வைத்தார்: ஒரு மான்ஸ்டெரா, இரண்டு பிலோடெண்ட்ரான், இரண்டு பீஸ் லில்லி, ஒரு குரோட்டன், ஒரு ஸ்நேக் பிளான்ட், ஒரு இசட் இசட் பிளான்ட், ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்த ஓர் ஆந்தூரியம். இவற்றில் ஐந்து செத்துவிட்டன. எஞ்சிய நான்கில் ஆந்தூரியமும் இப்போது தலை சாய்க்கிறது.

தோட்டத்து மண், தூளான கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு), மண்புழு உரம் மூன்றையும் சம அளவு எடுத்து, இரண்டு கைப்பிடி மணலும் ஒரு கைப்பிடி பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளை எரிமலைத் துகள்) கலந்திருக்கிறார். தொட்டியின் அடியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல் பரப்பியிருக்கிறார். வேர் தாராளமாக ஓடட்டும் என்று எல்லாச் செடிக்கும் 35 சென்டிமீட்டர் அகலத் தொட்டி. காலையில் ஒரு குவளை தண்ணீர். இலை தொங்கினால் மாலையிலும் ஒரு குவளை. "ஊற்றிய ஒரு நிமிடத்தில் அடித்துளை வழியாகத் தண்ணீர் வந்துவிடுகிறது. அதனால் வடிகாலில் குறையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் செத்த பிலோடெண்ட்ரானைப் பிடுங்கியபோது வேரெல்லாம் கறுத்து நாறியது. இன்னும் மணல் சேர்க்கலாமா? 'எல்லாச் செடிகளுக்கும் ஏற்றது' என்று மூட்டையாக விற்கும் கலவையை வாங்கலாமா? மழைக்காலம் முடியும்வரை பொறுத்திருக்கலாமா? அல்லது எனக்குக் கைராசிதான் இல்லையா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுவதும் அதுதான் உங்களை வருத்துகிறது என்று தெரிகிறது. உங்கள் செடிகள் கவனக்குறைவால் சாகவில்லை. இரண்டு வேளையும் போய்ப் பார்த்த ஒருவரிடம்தான் அவை இருந்தன. அவை மூச்சு முட்டிச் செத்தன. அதற்குக் காரணம் தொட்டிக்குள் இருந்த கலவை. அந்தக் கலவையை மாற்ற முடியும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் சீக்கிரம் வெளியே வந்தால் வடிகால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அநேகமாக எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் வேருக்கு வேண்டியது வேகம் அல்ல. தண்ணீர் வடிந்து நின்ற பிறகு கலவையின் இடுக்குகளில் எவ்வளவு காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதே கணக்கு.

ஒரு நிமிடத்தில் வந்த தண்ணீர்

நிறைந்த குடத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் அந்தச் செம்பளவும் உடனே வழிந்துவிடும். உங்கள் தொட்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. முந்தின நாள் ஈரம் ஏற்கெனவே இடுக்குகளை அடைத்துக்கொண்டிருந்தது. புதிதாக வந்த தண்ணீர் பழையதைக் கீழே தள்ளியது. துளையில் வடிந்ததைப் பார்த்து நீங்கள் நிம்மதி அடைந்தீர்கள். உள்ளே வேர் நின்றிருந்த இடமோ வடியவே இல்லை.

இதற்கு நேர் எதிரான நிலையிலும் இதே காட்சி தெரியும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கோகோபீட் மிகுந்த கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகிக்கொள்ளும். அப்போது ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்கி ஓடிவிடும். நடுவில் வேர்ப்பந்து வறண்டபடியே கிடக்கும். ஆக, துளையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனம் பொய் சொல்லாது.

தரையில் மண் அடி அடியாகக் கீழே தொடர்ந்து போகிறது. மேலே விழுந்த நீரைக் கீழேயுள்ள மண் இழுத்துக்கொள்ளும். தொட்டியிலோ மண் ஒரு சாணில் முடிந்துவிடுகிறது. அடிப்பகுதியில் கலவை தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ள, அங்கே எப்போதும் ஒரு நனைந்த பட்டை நின்றுவிடுகிறது. துகள் எவ்வளவு நுண்ணியதோ அந்தப் பட்டை அவ்வளவு உயரம். பாத்திரம் கழுவும் பஞ்சை நனைத்துப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும், பிழியாமல், அதை நீளவாக்கில் நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். பஞ்சு அதேதான், உயரம்தான் மாறியது. தட்டையான தொட்டியைவிட உயரமான தொட்டியில் அதே கலவை ஏன் காற்றோட்டமாக இருக்கிறது என்பதும் இதனால்தான்.

இலை தொங்கியது தாகத்தால் அல்ல

வேரும் மூச்சு விடுகிறது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். இடுக்கெல்லாம் நீர் நிறைந்தால் வேருக்கு மூச்சில்லை. மூச்சில்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் ஈரம் இருந்தும் இலை தொங்கும். நீங்கள் இரக்கப்பட்டு மாலையிலும் ஊற்றினீர்கள். திணறிய வேரில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நோய்க்கிருமிகள் எளிதில் நுழையும். அவற்றின் வித்துகளே நீந்திப் போகக்கூடியவை, ஈரம்தான் அவற்றுக்குப் பாதை. கறுத்து நாறிய வேர் அப்படி வந்தது. தொட்டியைச் சுற்றிப் பறந்த சிறு ஈக்களைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஓயாமல் ஈரமாக இருக்கும் மேல்மண்ணில் முட்டையிடும் பூச்சிகள் அவை. ஈரம் குறைந்தால் தாமாகக் குறையும்.

வெப்பம் இதை இன்னும் கடுமையாக்குகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வேரின் மூச்சுத் தேவையோ சூட்டில் கூடிக்கொண்டே போகிறது, 10 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட இரு மடங்கு. வரவு குறையும்போது செலவு ஏறுகிறது. குளிர்ந்த இடத்தில் நன்றாக வேலை செய்த கலவைக் குறிப்பு ஒன்றை வெப்பமான பால்கனியில் அப்படியே பின்பற்றினால் ஏமாற்றமாக முடிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கல், மணல், பெரிய தொட்டி

அடியில் பரப்பிய கல், ஈரப்பட்டையை ஒழிப்பதில்லை. நுண்துகள் கலவையிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தங்கும். கலவையைப் பொறுத்துச் சிறிது பலன் கிடைப்பதும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கலவை பிழையாக இருந்தால் கல்லால் அதைத் திருத்த முடியாது. வேருக்கு இருந்த உயரத்தில் 5 சென்டிமீட்டர் போனதுதான் மிச்சம். துளையில் கலவை ஒழுகாமலிருக்க ஒரு துண்டு வலை போதும்.

மணலைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். ஒரு படி கூழாங்கல்லோடு ஒரு படி மணலைக் கலந்தால் இரண்டு படி வராது. மணல் கல்லின் இடுக்கில் புகுந்து மறைந்துவிடும். உங்கள் தொட்டியிலும் மெல்லிய மணல் இருந்த கொஞ்சநஞ்ச இடுக்கையும் அடைத்திருக்கிறது. களிமண் கலந்த மண்ணோடு சேரும்போது மணல் இறுகிக் கட்டியாகவும் ஆகிவிடும். நீங்கள் போட்ட ஒரு கைப்பிடி பெர்லைட் உதவாததும் இந்தக் கணக்கினால்தான். பெருந்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்குச் சேர்ந்தால்தான் அவற்றுக்கிடையே காற்றறை உண்டாகும். அதுவரை அவை சேற்றுக்குள் புதைந்த கல்தான். கலவையில் பாதிக்குக் குறையாமல் பெருந்துகள் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

பெரிய தொட்டியை நீங்கள் தாராள மனதோடு கொடுத்தீர்கள். சிறு செடியின் வேர் எட்டாத கலவையில் இருக்கும் தண்ணீரைக் குடிக்க ஆளில்லை. அது அப்படியே நிற்கும். வேர்ப்பந்தைவிட 3 முதல் 5 சென்டிமீட்டர் மட்டுமே அகலமான தொட்டி போதும். வேர் நிரம்பிய பிறகு அடுத்த அளவுக்கு மாற்றலாம்.

மூட்டைக் கலவையா, சொந்தக் கலவையா?

'எல்லாச் செடிகளுக்கும் ஏற்றது' என்ற வரியை நம்பி வாங்காதீர்கள். மான்ஸ்டெரா மரத்தில் தொற்றி ஏறும் கொடி. ஆந்தூரியத்தின் பல இனங்கள் மரக்கிளையில், இலைச்சருகில் வேர்விட்டு வாழ்பவை. அவற்றின் தடித்த வேர் காற்றில் பழகியது. பீஸ் லில்லி ஈரமான காட்டுத்தரைச் செடி. அது ஈரம் கேட்கும், சேறு கேட்காது. இசட் இசட் பிளான்ட் மண்ணுக்கடியில் கிழங்கில் நீரைச் சேமித்து வறட்சியைத் தாங்கும் செடி. தினமும் ஒரு குவளை என்பது அதற்குத் தண்டனைதான். இத்தனை பேருக்கும் ஒரே பந்தி பரிமாற முடியாது.

மூட்டையே வாங்குவதானால் ஒரு பிடி அள்ளிப் பார்த்து வாங்குங்கள். நனைத்துக் கையில் இறுக்கிவிட்டுத் திறக்கும்போது கொழுக்கட்டைபோல் விரல் தடத்தோடு நின்றால் அது உங்களுக்கு ஆகாது. கையைத் திறந்ததும் உதிர வேண்டும். நல்ல மூட்டை கிடைத்தாலும் அதை அடிப்படையாக மட்டும் வைத்துக்கொண்டு, பெருந்துகளை நீங்களே கூட்டுவதுதான் என் பரிந்துரை. பால்கனியில் நான்கு செடிக்குச் சொந்தமாகக் கலப்பது பெரிய வேலையும் அல்ல.

ஆந்தூரியத்துக்கும் மான்ஸ்டெராவுக்கும் நான் கலக்கும் அளவு இது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத் தேங்காய் மட்டைத் துண்டுகள் 3 பங்கு, 3 முதல் 6 மில்லிமீட்டர் பெர்லைட் அல்லது பியூமிஸ் (நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) 3 பங்கு, நார் கலந்த சற்றே முரட்டுக் கோகோபீட் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, சிறு கரித்துண்டு 1 பங்கு. தோட்டத்து மண் கிடையாது. பங்கு என்பது எடையல்ல, கொள்ளளவு. ஒரே டப்பாவால் அளக்கவும். கலப்பதற்குமுன் பெருந்துகள் எல்லாவற்றையும் சல்லடையில் போட்டுத் தூளை நீக்கிவிடுங்கள். சலிக்காமல் போட்டால் அந்தத் தூளே மீண்டும் இடுக்கை அடைக்கும். இந்த ஒரு வேலையைப் பலரும் தவிர்க்கிறார்கள். நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

பீஸ் லில்லிக்குக் கோகோபீட்டை 4 பங்காகக் கூட்டி மட்டைத் துண்டை 2 ஆகக் குறைத்து, கரியை விட்டுவிடுங்கள். ஸ்நேக் பிளான்டுக்குச் சலித்த செங்கல் சல்லியோ பியூமிஸோ 7 பங்கு, கோகோபீட் 2, உரம் 1 போதும்.

கோகோபீட்டில் உப்பு இருக்கலாம். உப்பு நீக்கிக் கழுவி, கால்சியத்தால் பதப்படுத்தியது என்று குறிப்பிட்ட கட்டியை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் ஊறவைத்துப் பிழிந்து, தேநீர் நிறத் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். கரைந்து வரும் உப்பு போய்விடும்; துகளோடு ஒட்டிய சோடியமும் பொட்டாசியமும் அலசலுக்கு முழுதாக அசையாது. மண்புழு உரம் நல்லதுதான், ஆனால் நுண்துகள். மூன்றில் ஒரு பங்கு போட்டதால் அது உணவாக இருப்பதைவிட அடைப்பாகவே இருந்தது.

கலக்கும்போது உங்கள் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெர்லைட் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நீர் தெளித்துவிட்டே கொட்டுங்கள். மூட்டைக் கலவைகளில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா இருப்பதுண்டு. தூசியோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மூட்டையின்மேலேயே இதற்கு எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். வயதில் மூத்தவர்களுக்கு இதன் ஆபத்து அதிகம். காற்றோட்டமான இடத்தில், முகத்தை விலக்கி மூட்டையைத் திறங்கள். முகக்கவசம் அணியுங்கள். முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள்.

நடுவதற்குமுன் அளந்து பாருங்கள்

என் வார்த்தையை நம்பி மட்டும் நடவேண்டாம். நடப்போகும் அதே தொட்டியில் அளந்துவிடலாம். தொட்டியின் உயரம் மாறினால் விடையும் மாறும் என்பதால் அதே தொட்டி முக்கியம். துளைகளை டேப்பால் அடைத்து, கலவை நிரம்பும் மட்டம்வரை தண்ணீர் ஊற்றி எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரப்படுத்திய கலவையை வழக்கம்போல் நிரப்புங்கள். மேலே நீர் பளபளப்பாகத் தெரியும்வரை மெதுவாக ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, குறைந்திருந்தால் மீண்டும் ஊற்றுங்கள். பிறகு ஒரு பேசினின்மேல் பிடித்து டேப்பை உரியுங்கள். சொட்டுவது நின்றதும் பேசினில் சேர்ந்ததை அளவுக் குவளையில் அளக்கவும். வெளியேறிய தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது காற்று இருக்கிறது.

3 லிட்டர் தொட்டியில் 300 மில்லி வடிந்தால் 10 சதவீதம் காற்று. 600 மில்லி என்றால் 20. ஆந்தூரியத்துக்கும் மான்ஸ்டெராவுக்கும் 20 முதல் 30 சதவீதம் வேண்டும். பீஸ் லில்லிக்கு 15 முதல் 20. பத்துக்குக் கீழே என்றால் பெருந்துகளைக் கூட்டி மறுபடி அளக்கவும். உங்கள் பழைய கலவையிலும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். கைராசிக் கேள்விக்கு அந்தக் குவளை என்னைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும்.

இந்தக் கலவையில் இழப்பும் உண்டு. அதை மறைத்துச் சொல்லக் கூடாது. சீக்கிரம் காயும். வெயில் நாட்களில் இரண்டு மூன்று நாள் ஊர் போய்வந்தால் மான்ஸ்டெரா வாடியிருக்கக்கூடும். உரமும் தண்ணீரோடு கழுவிப் போகும், அதனால் நீர்த்த உரத்தைச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். தொட்டி எடை குறைவாக இருப்பதால் காற்றடித்தால் கவிழலாம். கைப்பிடிச் சுவரின்மேல் வைக்காதீர்கள். மட்டைத் துண்டும் உரமும் மட்கித் தூளாகும். ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலவையைப் புதுப்பிக்க வேண்டும். இந்தச் சிரமங்களை உங்களால் கவனித்துச் சரிசெய்ய முடியும். நின்றுபோன மூச்சை அப்படிச் சரிசெய்ய முடியாது.

தண்ணீருக்கு இனி வேளை கிடையாது. 2, 3 சென்டிமீட்டர் ஆழம்வரை விரலுக்கு உலர்ந்து பட்டால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடியில் நன்றாக வழியும்படி ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். ஸ்நேக் பிளான்டுக்கு விரல் ஆழம் போதாது. தொட்டி முழுதும் உலர்ந்த பிறகே ஊற்றலாம்.

மழை முடியும்வரை பொறுக்கலாமா?

மான்ஸ்டெராவும் ஸ்நேக் பிளான்டும் பொறுக்கலாம், மழை படாத இடத்துக்கு நகர்த்தித் தண்ணீரை நிறுத்தி வைத்தால். புதிய இலை வந்துகொண்டிருக்கும் பீஸ் லில்லியும் சில வாரம் தாங்கும். ஆந்தூரியத்துக்கு அந்த அவகாசம் இல்லை. ஈரமான கலவையில் அது தலை சாய்க்கிறது என்றால் வேர் போய்க்கொண்டிருக்கிறது. இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்து, பழைய கலவையைக் குழாய்த் தண்ணீரில் மென்மையாக அலசி விடுங்கள். ஒவ்வொரு வேரையும் இரு விரலால் தொட்டுப் பாருங்கள். நிறத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். கோகோபீட்டில் வளர்ந்த நல்ல வேரிலும் பழுப்புக் கறை இருக்கும். இறுக்கமாக இருந்தால் அது உயிருள்ள வேர். பிடித்ததும் மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல்போல் மிஞ்சினால் அதை நல்ல பகுதிவரை வெட்டிவிடுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். வேர் பாதிக்குமேல் போயிருந்தால் மூத்த இலைகள் இரண்டு மூன்றைக் குறைக்கலாம். எல்லாவற்றையும் கழிக்க வேண்டாம், புது வேருக்கு உணவு இலையிலிருந்துதான் வர வேண்டும்.

மிஞ்சிய வேர் எவ்வளவோ அதற்கேற்ற சிறிய தொட்டி, 12 சென்டிமீட்டர் அகலமே போதுமாக இருக்கலாம். அந்தப் பெரிய தொட்டியில் இருந்ததை இதில் வைக்க உங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வையுங்கள். ஒருமுறை நீர் ஊற்றி வழியவிட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, நான்கு வாரம்வரை உரம் கொடுக்காதீர்கள். முதல் பத்து நாளில் இன்னும் ஓர் இலை மஞ்சளானால் பயந்து தண்ணீர் ஊற்றிவிட வேண்டாம். தண்டின் அடியில், கலவைக்குச் சற்று மேலே பாருங்கள். வெளிறிய முனையோடு ஒரு குட்டி வேர் புடைத்துக்கொண்டு வந்தால் செடி பிழைத்துவிட்டது. அந்த வேர் மூடும் அளவுக்குக் கொஞ்சம் மட்டைத் துண்டை மேலே தூவி, வேறெதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள்.